தேதியைச் சுற்றி உட்கார்ந்த குப்பை எழுத்து

முதலில் என்னைப் பற்றி நானே சொல்லிவிடுகிறேன். மற்றவர்களிடம் விட்டால் பாதியைத்தான் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். இந்த ரத்தப் பரிசோதனை லேபின் சர்வர் அறையில் இருபத்திரண்டு வருஷம் ராஜாவாக இருந்துவிட்டு ஓய்வு பெற்றவனும் நான்தான். கே.கே. நகரில் இருக்கும் தலைமை லேபிலிருந்து விளாங்குடி வரைக்கும், அந்தப் பக்கம் வண்டியூர் வரைக்கும், ஒன்பது சென்டர்களுக்கும் கம்ப்யூட்டர் இணைப்பு கொடுத்தது இந்தக் கைதான். ஒருமுறை சென்னையிலிருந்து வந்த இரண்டு எம்.சி.ஏ. பையன்கள் மூன்று நாள் முட்டிமோதிய கோளாறை, அவர்களுக்கு வாங்கி வைத்த டீ ஆறுவதற்குள் நான் சரிசெய்தேன். அந்தக் கதையைக் கேட்காதவர் இந்த லேபில் யாரும் இல்லை. கேட்க விரும்பாதவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் உங்கள் ஆறு பேருக்கும் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். எந்த மெஷினில் எந்த பட்டன், எந்த ஃபைல் எங்கே போகும் என்பதெல்லாம் இரண்டு நாளில் கைக்கு வந்துவிடும். அதற்கு நான் தேவையில்லை. நான் எழுதப் போவது ஒரு புதன்கிழமையைப் பற்றி. இருபத்திரண்டு வருஷத்தில் நான் ஜெயித்த நாட்கள்தான் அதிகம். இருந்தாலும் உங்களுக்கு உபயோகப்படுகிற நாள் அந்த ஒன்றுதான்.

அதற்கு முன்னால், நான் வேலை செய்யும் விதத்தைச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மீதி புரியாது.

நான் கம்ப்யூட்டரைத் தொட்டது துடைப்பதற்காக. ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் கூட்டிப் பெருக்கி, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கீபோர்டுகளைச் சுத்தம் செய்யும் வேலை. அங்கே பாடம் எடுத்தவர் ஒருவர், வகுப்பு முடிந்ததும் என்னை உட்கார வைத்துத் தட்டச் சொல்வார். தன் பேரை எங்கேயும் இழுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போன மனிதர், அதனால் எழுதவில்லை. அவர் என்னிடம் சொன்னது இதுதான்: "பாண்டி, உனக்கு இங்கிலீஷ் வராது. மறதி மட்டும் நல்லா வருது. அதனால எல்லாத்தையும் ஒரே எடத்துல வச்சுக்க."

அந்த ஒரே இடம் ஒரு எடிட்டர். கடிதம் எழுதுகிற ஜன்னல்தான், ஆனால் அதற்குள்ளேயே கம்ப்யூட்டருக்குக் கமாண்டும் கொடுக்கலாம். கொடுத்தால் பதில் அதே ஜன்னலில், அடுத்த வரியில் வந்து நிற்கும். எல்லாரும் கமாண்டு கொடுக்கக் கறுப்புத் திரையைத் திறப்பார்கள். மூடியதும் எல்லாம் போய்விடும். என் எடிட்டரில் கேட்டதும் இருக்கும், பதிலும் இருக்கும். பக்கத்தில் தமிழில் என் குறிப்பும் இருக்கும். அந்த ஃபைலுக்கு 'டைரி' என்று பெயர் வைத்திருந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அதே ஒரே ஃபைல்தான்.

இப்போது புதன்கிழமைக்கு வருகிறேன்.

காலை ஆறரைக்கு ஒன்பது சென்டர்களிலும் ரத்தம் எடுக்கத் தொடங்குவார்கள். மதியம் ஒன்றரைக்குள் ரிப்போர்ட் போக வேண்டும். பதினொன்றே காலுக்கு ரமீஜா என் அறை வாசலில் வந்து நின்றாள். எங்கள் பிரிவில் நாலு வருஷமாக வேலை பார்த்த பெண். வீடு மகால் அரண்மனைக்குப் பின்னால். பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக மாமனாரிடம் இரண்டு வருஷம் பேசிப் பேசிச் சம்மதம் வாங்கி வந்தவள். முந்தின நாள் சாயங்காலம்தான் பழைய டிஸ்க்கில் இருந்த ரிப்போர்ட் ஃபைல்களையெல்லாம் புது டிஸ்க்குக்கு மாற்றியிருந்தாள். அது நான் செய்ய வேண்டிய வேலை. "சின்ன வேலைம்மா, நீயே பாத்துக்க" என்று அவள் தலையில் கட்டியிருந்தேன்.

"அண்ணே, கொஞ்சம் வாங்களேன். ரிப்போர்ட் போக மாட்டேங்குது."

"எந்த சென்டர்?"

"எல்லா சென்டரும்தாண்ணே. ஒண்ணுகூடப் போகல. ஃபைல் பேரு லிஸ்ட்ல கண்ணு முன்னாடி நிக்குது. எடுக்கப் போனா, அப்படி ஒரு ஃபைலே இல்லைங்குது. அப்புறம் இன்னொண்ணுண்ணே, காலைல இருந்து பேருக்குள்ள தேதி மட்டும் செவப்பா..."

"செவப்பு பச்சையெல்லாம் இருக்கட்டும். நீ எந்திரி, நான் பாக்கறேன்."

இந்த இடத்தைக் கவனித்து வையுங்கள். கோளாறின் விடை என் காதில் விழுந்துவிட்டது. அவள் வாக்கியத்தை முடிக்க விட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவளுடைய கறுப்புத் திரையை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை; கறுப்புத் திரையில் வேலை பார்ப்பவர்கள் எனக்கு எப்போதுமே ஒரு மாற்றுக் கம்மிதான். அவள் கம்ப்யூட்டரிலேயே என் எடிட்டரைத் திறந்தேன். ரிப்போர்ட் புரோகிராம் தினமும் முதலில் செய்கிற வேலையை நானே கையால் செய்து பார்த்தேன். அதாவது, டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் பேர்களில் அன்றைய தேதி உள்ளதை மட்டும் தேடி எடுக்கச் சொல்வது.

பதில் வந்தது.

ஃபைல் பேர் எதுவும் ஃபைல் பேராக இல்லை. ^ என்று ஒரு தொப்பிக் குறி, அடுத்து சதுர அடைப்பு, அதன் பின்னால் 01;31m, மறுபடி தொப்பி, அடைப்பு, ஒரு K. இவற்றுக்கு நடுவே நம் தேதி. தேதி முடிந்ததும் மறுபடி தொப்பி, அடைப்பு. திரை முழுக்க, மேலிருந்து கீழே வரை இதேதான். லாரி ஏறிய தட்டச்சு மெஷின் அடித்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் உள்ளே வந்தார். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர், எனக்கு மரியாதை கொடுக்கிறவர்.

"என்னண்ணே, விளாங்குடிலருந்து மூணு தடவை போன் பண்ணிட்டாங்க. என்னவாம்?"

இங்கே நான் மூன்று வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். 'தெரியலை சார், பாக்கறேன்.' இருபத்திரண்டு வருஷத்தில் அந்த மூன்று வார்த்தையை என் வாய் சொன்னதே இல்லை. அன்றைக்கும் சொல்லவில்லை.

"டிஸ்க் அடிபட்டுருச்சு சார். ஃபைல் பேரெல்லாம் செதஞ்சு கெடக்கு. நேத்து மாத்தும்போது நடந்திருக்கும்."

"மாத்துனது யாரு?"

நான் ரமீஜாவைப் பார்த்தேன், அவ்வளவுதான். ஒரு ஆளின் மேல் பழி விழ அதுவே போதும்.

"சார், நான் மாத்தி முடிச்சிட்டு எண்ணிப் பாத்தேன் சார்," என்றாள். "பழசுல எம்புட்டு இருந்துச்சோ, புதுசுலயும் அம்புட்டும் இருந்துச்சு. அண்ணே, நீங்க சொல்லுங்கண்ணே, நான் எண்ணும்போது பக்கத்துல நின்னீங்கல்ல?"

நின்றேன். கையில் டீ கிளாஸோடு நின்று அவள் எண்ணி முடித்ததைப் பார்த்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேனேஜர் அந்த இடத்திலேயே போனை எடுத்தார். ரிப்போர்ட் புரோகிராமை விற்ற சென்னைக் கம்பெனியோடு பேசினார். அவர்கள் சொன்னது: டிஸ்க் சிதைந்திருந்தால் சுத்தமாக அழித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைத்த நகலைப் போட்டுவிடலாம், ஒரு மணிக்கு லைனில் வருகிறோம். அப்படிச் செய்தால் திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாள் முடிவுகளும் போய்விடும். மூன்று நாளும் ரத்தம் கொடுத்த அத்தனை பேரும் மறுபடி கையை நீட்ட வேண்டும். பிறந்த குழந்தைகள் உட்பட.

போனை வைத்துவிட்டு மேனேஜர் ரமீஜாவிடம் திரும்பினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"ஒரு மணிக்கு அவங்க வேலையை ஆரம்பிச்சதும் ஐ.டி. கார்டைக் குடுத்துட்டுக் கெளம்பிருங்கம்மா. நாளைல இருந்து வர வேணாம். நான் மேல பதில் சொல்லணும்."

அவர் போய்விட்டார். ரமீஜா அழுவாள் என்று நினைத்தேன். அவள் மேஜை டிராயரைத் திறந்து டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பையில் வைத்தாள். சீப்பை வைத்தாள். பிறகு, என் பக்கம் பார்க்காமலே பேசினாள்.

"வேலை போறது பெரிசில்லண்ணே. ரத்த ரிப்போர்ட்டையெல்லாம் அழிச்சவளுண்டு பேரு வாங்கிட்டு வீட்டுக்குப் போறேன்ல, அதான். எங்க மாமனாரு இனி இன்னொரு வேலைக்கு வாசப்படி தாண்ட விடுவாரா?"

மணி பதினொன்று ஐம்பது. எழுபது நிமிஷம் இருந்தது.

நான் நல்லவனாக இருந்ததால் மறுபடி திரையைப் பார்த்தேன் என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. அவள் முகத்தைப் பார்க்க முடியாததால்தான் திரையைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்ததில் ஒரு சந்தேகம் வந்தது.

கரையான் அரித்த புத்தகங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரு ஓட்டை, இங்கே பாதிப் பக்கம், நடுவில் ஒரு சுரங்கம் என்று இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் தேடிப் போய் ஒரே ஒரு சொல்லை மட்டும் அரித்துவிட்டு, மற்றதைத் தொடாமல் விட்ட கரையானை யாராவது பார்த்ததுண்டா? என் முன்னால் இருந்த குப்பை அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு வரியிலும் அதே தொப்பி, அதே 01;31m, அதே K. அதுவும் தேதியைச் சுற்றி மட்டும். பேரின் மீதி எழுத்துகள் எல்லாம் சுத்தமாக இருந்தன. அடிபட்ட டிஸ்க்குக்கு இவ்வளவு ஒழுக்கம் எங்கிருந்து வரும்?

"ரமீஜா, இங்கிட்டு வா. உக்காரு."

"இனிமே என்னத்தண்ணே உக்காந்து?"

"ஒரு மணி வரைக்கும் கார்டு ஒன் கழுத்துலதான் தொங்குது. உக்காரு."

"பழியையும் என் மேல போட்டுட்டு வேலையும் வாங்குறீங்க. நல்ல ஆளுண்ணே நீங்க."

இருந்தாலும் உட்கார்ந்தாள்.

தேதிக்குப் பதிலாக விளாங்குடி சென்டரின் குறியீட்டைத் தேடச் சொன்னேன். பதில் வந்தது. தேதி இப்போது சுத்தமாக இருந்தது. குப்பை விளாங்குடியின் மேல் போய் உட்கார்ந்திருந்தது.

வண்டியூரைத் தேடினேன். குப்பை வண்டியூருக்குப் போனது.

எதையுமே தேடாமல், பேர்களை மட்டும் வரிசையாகக் காட்டச் சொன்னேன். ஒரு குப்பையும் இல்லை. ஒவ்வொரு பேரும் துடைத்து வைத்த மாதிரி வந்து நின்றது.

நான் எதைத் தேடுகிறேனோ அதன் பின்னாலேயே வருகிறது இந்தக் குப்பை! டிஸ்க்கில் இருக்கிற காயம் என் விரலைப் பார்த்து இடம் மாறாது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு ஃபைல்கூடச் சிதையவில்லை. ரமீஜா எண்ணிய எண்ணிக்கை சரி.

"அண்ணே," என்றாள் அவள். குரல் மாறிவிட்டது. "நீங்க தேடுனதையே நான் இந்தக் கறுப்புத் திரையிலயும் தேடுறேன். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க."

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஜன்னல். இந்தப் பக்கம் என் எடிட்டர், அந்தப் பக்கம் அவள் கறுப்புத் திரை. இரண்டிலும் விளாங்குடியைத் தேடினாள். எடிட்டரில் விளாங்குடியைச் சுற்றிக் குப்பை. கறுப்புத் திரையில் குப்பை எதுவும் இல்லை. ஆனால் விளாங்குடி மட்டும் பளிச்சென்று சிவப்பாக இருந்தது. வண்டியூர் என்றாள். இங்கே குப்பை, அங்கே சிவப்பு.

"செவப்புதாண்ணே குப்பை!" என்றாள். "காலைல சொல்ல வந்தேன்ல. கலரும் எழுத்தாத்தான் வருது போல. 'இங்கருந்து செவப்பு, இங்க முடியுது'ண்டு எழுத்துலயே சொல்லி அனுப்புது. கறுப்புத் திரை அந்த எழுத்தை முழுங்கிட்டுச் செவப்பாக் காட்டுது. இந்த எடிட்டருக்கு முழுங்கத் தெரியல, அப்படியே துப்புது. ரிப்போர்ட் புரோகிராமும் அந்த எழுத்தையும் சேத்துப் பேருண்டு நெனச்சுக்கிட்டுத் தேடுது. அப்படிப் பேருல ஃபைல் எங்க இருக்கும்?"

எனக்கு அதுவரை நிறம் என்பது சுவரில் அடித்த பெயின்ட் மாதிரிதான். பெயின்ட் அடித்தால் கதவு திறக்காமல் போகுமா என்று நினைத்திருந்தேன். நிறமும் எழுத்தாகத்தான் பயணம் செய்கிறது என்று இருபத்திரண்டு வருஷத்தில் எனக்குத் தெரியாது. என் மேஜையில் இருக்கும் எடிட்டருக்கு நிறத்தை நிறமாகக் காட்டும் ஏற்பாட்டை எப்போதோ செய்து வைத்திருந்ததால், என் திரையில் இந்தக் குப்பை தெரிந்ததே இல்லை.

"ஆனா நேத்து வரைக்கும் இந்தச் செவப்பு இல்லையேண்ணே. தேடுற சொல்லெல்லாம் எப்பவும் செவப்பா வரணும்னு யாரோ எல்லாருக்கும் சேத்துப் போட்டு விட்டிருக்காங்க. யாரா இருக்கும்?"

"இரு, வாரேன்," என்று சொல்லிவிட்டு என் அறைக்குப் போனேன்.

டைரியைத் திறந்தேன். கடைசிக்கு முந்தின வரி. செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. என் தமிழில், என் குறிப்பு: 'தேடுற வார்த்தை எப்பவும் சிவப்பா வர்ற மாதிரி எல்லாருக்கும் போட்டாச்சு. அழகா இருக்கு.'

நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தது. அந்த ஃபைலை என்னைத் தவிர யாரும் திறந்ததில்லை. அந்த வரியை அழிக்க ஒரு நொடி போதும். சர்வரில் போட்ட அந்த ஒரு செட்டிங்கை எடுக்க இன்னொரு நொடி. பிறகு வெளியே போய், "சார், நானே சரிபண்ணிட்டேன்" என்று சொன்னால், சென்னைக்காரர்களை மறுபடி ஜெயித்தவன் நான்தான். டீ ஆறுவதற்குள் என்ற கதைக்குத் தம்பியாக இன்னொரு கதை கிடைக்கும். ரமீஜா? 'அந்தப் பொண்ணு கெடுத்ததை அண்ணன் காப்பாத்துனாரு' என்றுதான் இருக்கும். கார்டை வாங்கியிருப்பார்கள்.

அந்த எண்ணம் எனக்கு வரவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பக் கூடாது. வந்தது. சுட்டுவிரல் அழிக்கும் பட்டனின் மேலேயே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. அவள் டிராயரிலிருந்து சீப்பை எடுத்துப் பையில் வைத்தது கண்ணில் வந்தது. வேறு பெரிய நியாயம் எதுவும் எனக்குத் தோன்றவில்லை. விரலை எடுத்துவிட்டு, அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்தேன்.

மேனேஜர் அறைக்குள் போனபோது பன்னிரண்டு முப்பத்தெட்டு. சென்னைக்காரர்கள் முன்னதாகவே லைனுக்கு வந்துவிட்டார்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது. "சார், எல்லாம் ரெடி. நீங்க சரின்னா அழிக்க ஆரம்பிச்சிடுவோம்," என்று ஒரு குரல் சொல்லிக்கொண்டிருந்தது.

"நிறுத்தச் சொல்லுங்க சார்," என்றேன்.

மேனேஜர் நிமிர்ந்தார். "டிஸ்க் போச்சுன்னு நீங்கதானண்ணே சொன்னீங்க?"

"தப்பாச் சொன்னேன். டிஸ்க் நல்லா இருக்கு."

"ஒரு மணி நேரத்துக்கு முன்னாடி போச்சு, இப்ப நல்லா இருக்கு. எதை நம்பி நான் நிறுத்தச் சொல்ல?"

"கெடுத்தது நான் சார். என்ன பண்ணிக் கெடுத்தேன்னு தெரியும். அதனால எப்படிச் சரிபண்றதுன்னும் தெரியும். அந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் கெடையாது. அவ எண்ணுனா, எல்லாம் சரியா இருந்துச்சு. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். கேட்டப்ப வாயைத் தொறக்கல."

பிரின்ட் எடுத்த தாளை மேஜையில் வைத்தேன். அவர் அந்த வரியை வாசித்தார்.

"அழகா இருக்குன்னா? இதை எதுக்குண்ணே எல்லாருக்கும் போட்டீங்க? ஒங்களுக்கு மட்டும் போட்டுக்க வேண்டியதுதான?"

அதற்கும் ஒரு பொய் தயாராக இருந்தது. ஆனால் பாதி உண்மையோடு அந்த அறையை விட்டு வெளியே வரக் கூடாது என்று முடிவு செய்துதான் உள்ளே போயிருந்தேன்.

"எனக்கு இங்கிலீஷ் வேகமா வாசிக்க வராது சார். எழுத்தெழுத்தாக் கூட்டித்தான் படிப்பேன். தேடுன சொல்லு செவப்பா நின்னா, வாசிக்காமலே கண்டுபிடிச்சிரலாம். எனக்கு மட்டும் போட்டா, எதுக்குண்டு யாராவது கேப்பாங்க. எல்லாருக்கும் போட்டுட்டா ஸ்டைலுண்டு நெனச்சுக்குவாங்க."

ஸ்பீக்கரில் யாரோ சிரித்தார்கள். சென்னையில் இருந்த ஒரு பையன், என்னைப் பற்றிய டீக் கதையைக் கேட்டவனாகக்கூட இருக்கலாம். மேனேஜர் சிரிக்கவில்லை. போனைப் பார்த்து, "நிறுத்துங்க. எதையும் தொடாதீங்க. நான் கூப்பிடறேன்," என்று சொல்லி வைத்துவிட்டார்.

பிறகு நடந்ததெல்லாம் சின்ன வேலை. இந்த முறை நிஜமாகவே சின்ன வேலை. சர்வரில் போட்ட அந்த ஒரு செட்டிங்கை நான் எடுத்தேன். ரமீஜா கம்ப்யூட்டரிலிருந்து வெளியேறி மறுபடி நுழைந்தாள். விளாங்குடியின் முதல் ரிப்போர்ட்டை அனுப்பினாள். மேனேஜரும் சேர்ந்து மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"போயிருச்சு," என்றாள் அவள், யாருக்கும் கேட்காத குரலில். பிறகு கொஞ்சம் சத்தமாக, "போயிருச்சு சார்!"

மேனேஜர் அவள் மேஜையைப் பார்த்தார். கட்டி வைத்த பையைப் பார்த்தார். "கார்டு கழுத்துலயே இருக்கட்டும்மா. நான் அவசரப்பட்டுட்டேன்," என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமல் போய்விட்டார்.

ஒன்று இருபத்தைந்துக்குக் கடைசி ரிப்போர்ட்டும் போனது. முடிந்ததும் ரமீஜா பையிலிருந்து டிபன் பாக்ஸை வெளியே எடுத்து மேஜையில் வைத்தாள். திறக்கவில்லை.

"என்னை மன்னிச்சிரும்மா," என்றேன்.

"ஒங்களுக்கு இங்கிலீஷ் வராதுண்டு எனக்கு எப்பத்துல இருந்து தெரியும், சொல்லுங்க பாப்போம்?"

நான் டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வேலைக்கு வந்த மூணாம் நாளே தெரியும். வாசிக்கும்போது ஒங்க ஒதடு அசையும்ண்ணே. நாலு வருசம். ஒரு நாளாச்சும் யார்கிட்டயாச்சும் சொல்லிருக்கேனா? மேனேஜர்கிட்ட? கேண்டீன்ல? எனக்காக நீங்க சொல்ல வேண்டியது ஒரே ஒரு வார்த்தை. 'எண்ணுனா'ண்டு. அதச் சொல்ல ஒங்களுக்கு ஒரு மணி நேரம் ஆயிருச்சு."

சென்னைக்காரன் சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. இது வலித்தது. இன்றைக்கு எழுதும்போதும் வலிக்கிறது.

திரையில் குப்பை வந்தால் என்ன செய்வது என்று நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். குப்பை எல்லா இடத்திலும் ஒரே உருவத்தில் வருகிறதா என்று பாருங்கள். நீங்கள் கேட்பதை மாற்றினால் அதுவும் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். மாறினால் அது உடைந்ததல்ல, யாரோ போட்டது. வேறொரு ஜன்னலிலும் திறந்து பாருங்கள். ஒரே விஷயம் இரண்டு இடத்தில் இரண்டு மாதிரி தெரிந்தால், விஷயத்தை விட்டுவிட்டு ஜன்னலைச் சந்தேகப்படுங்கள். அழிப்பதைக் கடைசியாக வையுங்கள். இதெல்லாம் கைவேலை, பழகினால் வரும். பழகினாலும் வராதது ஒன்று இருக்கிறது. என்ன நடந்தது என்று தெரிவதற்கு முன்னால், யார் செய்தது என்று உங்கள் கண் ஒரு ஆளைத் தேடும். அப்படித் தேடும்போது அது உங்களை மட்டும் விட்டுவிட்டுத்தான் தேடும்.

மறுநாள் நானே மேனேஜரிடம் போய், சர்வரில் எதையும் மாற்றும் பாஸ்வேர்டை ரமீஜாவிடம் கொடுக்கச் சொன்னேன். மூன்று மாதம், நான் எதைத் தொட வேண்டுமென்றாலும் அவளிடம் கேட்டுத்தான் தொட்டேன். அவளும் லேசில் விடவில்லை. "எதுக்கு? அழகா இருக்கவா?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். நான்காம் மாதம் பாஸ்வேர்டைத் திருப்பித் தந்தபோது கூடவே ஒரு நீள நோட்டையும் மேஜையில் வைத்தாள். இனி இந்த லேபில் யார் எதை மாற்றினாலும் நாள், நேரம், என்ன மாற்றம், யார் என்று கையால் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். டைரி மாதிரிதான், ஆனால் கதவு சாத்திய அறையில் இருக்கக் கூடாது. எல்லாரும் பார்க்கிற இடத்தில் இருக்க வேண்டும் என்றாள்.

"மொத வரி நீங்க எழுதுங்க," என்றாள். "அந்தச் செவ்வாக்கெழமைல இருந்து ஆரம்பிங்க."

இன்றைக்கு அவள்தான் உங்கள் பிரிவுக்குத் தலைமை. நீங்கள் நாளைக்குக் கையெழுத்துப் போடப் போகும் நோட்டு, சர்வர் அறை வாசலில் கயிறு கட்டித் தொங்குகிறதே, அதுதான். இந்த லேபில் முதல் வயரை இழுத்தவன் நான், முதல் சர்வரை ஏற்றியவன் நான் என்று நான் சொல்லிக்கொள்வதையெல்லாம் நீங்கள் நம்பவும் வேண்டாம், நம்பாமல் இருக்கவும் வேண்டாம்; சாட்சி சொல்ல ஆள் இல்லை. ஆனால் அந்த நோட்டின் முதல் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து நாற்பது. யார் என்பதற்கு நேராக, சிவப்புப் பேனாவில் என் கையெழுத்து. அதிலும் முதல் ஆள் நான்தான்.